கூழாகிப்போன பேட்ச் முதல் கலங்கிய டீசல் வரை: புங்க எண்ணெய் பயோடீசலில் எது கெட்டால் என்ன செய்வது

புங்க எண்ணெயில் பயோடீசல் செய்யத் தொடங்கியவர்கள் என்னைப் போனில் கூப்பிட்டால், பேச்சு பெரும்பாலும் ஒரே மாதிரிதான் ஆரம்பிக்கும். "அண்ணே, கூழாயிடுச்சு." அடுத்து காஸ்டிக் எவ்வளவு போட்டார்கள், எத்தனை டிகிரியில் ஓட்டினார்கள் என்று சொல்லிக்கொண்டே போவார்கள். நான் இடைமறித்து வேறு கேட்பேன்: விதை எந்த மாதம் பொறுக்கியது? மழையில் நனைந்ததா? ஆட்டி எத்தனை நாளாச்சு? தொட்டியில் தெரியும் பழுது பெரும்பாலும் தொட்டியில் பிறந்ததாக இருக்காது. களத்திலும் குடோனிலும் பிறந்து, தொட்டிக்கு வந்து வெளியே தெரிந்திருக்கும்.

இது 10 முதல் 100 லிட்டர் வரை சின்னத் தொட்டியில் செய்கிறவர்களுக்கான குறிப்பு. கண்ணுக்குத் தெரியும் அறிகுறியிலிருந்து காரணத்துக்குப் போகும்படி எழுதியிருக்கிறேன். உங்கள் தொட்டியில் என்ன தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேரே போகலாம். அதற்கு முன் அளவுகளையும் மெத்தனால் பற்றிய பகுதியையும் மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள்.

ஒப்பிட்டுப் பார்க்க அளவுகள்

எண்ணெயின் ஒவ்வொரு மூலக்கூறிலும் மூன்று கொழுப்பு அமிலங்கள் ஒரு கிளிசரின் முதுகெலும்பில் தொங்குகின்றன. கிளிசரினைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் மூன்று மெத்தனாலைக் கோர்த்தால் மெத்தில் எஸ்டர் கிடைக்கிறது. அதுதான் பயோடீசல். நல்ல எண்ணெய் 1 லிட்டருக்கு மெத்தனால் 250 மி.லி., காஸ்டிக் பொட்டாஷ் (பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, உரப் பொட்டாஷ் அல்ல) எண்ணெயின் எடையில் 1%, அதாவது சுமார் 9 கிராம். கணக்குப்படி மெத்தனால் 125 மி.லி. போதும். வினை பாதியில் நிற்காமல் இருக்கத்தான் இரட்டிப்பாக ஊற்றுகிறோம். 60 டிகிரியில் ஒரு மணி நேரம் நன்றாகக் கலக்கி, இரவு முழுக்க அசைக்காமல் விட்டால் கிளிசரின் அடியில் இறங்கும்.

இந்த அளவு எண்ணெயில் அமிலம் குறைவாக இருந்தால்தான் பொருந்தும். அதைத் தெரிந்துகொள்ள டைட்ரேஷன் ஒன்றுதான் வழி. 1 லிட்டர் டிஸ்டில்டு வாட்டரில் 1 கிராம் காஸ்டிக் பொட்டாஷைக் கரைத்து வைத்துக்கொள்ளுங்கள். 10 மி.லி. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் 1 மி.லி. எண்ணெயைக் கலந்து, நிறம் காட்டுவதற்கு இரண்டு சொட்டு பினால்ப்தலீன் விட்டு, அந்தக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக இறக்குங்கள். இளஞ்சிவப்பு வந்து அரை நிமிடம் மறையாமல் நின்றால் அதுவரை இறங்கிய மி.லி.தான் உங்கள் எண். அந்த எண்ணை 0.55-ஆல் பெருக்கினால் எண்ணெயில் எத்தனை சதவீதம் தனி அமிலம் (கிளிசரினிலிருந்து கழன்று தனியாக நிற்கும் கொழுப்பு அமிலம்) இருக்கிறது என்பது கிட்டத்தட்டத் தெரிந்துவிடும். எண் 4-க்குள் இருந்தால் நேரே காரப் படிக்கு, அதாவது மேலே சொன்ன பொட்டாஷ் வினைக்குப் போகலாம். எண் எத்தனையோ அத்தனை கிராம் பொட்டாஷை ஒவ்வொரு லிட்டருக்கும் 9 கிராமோடு கூட்டிக்கொள்ளுங்கள். 4-ஐத் தாண்டினால் முதலில் அமிலப் படி (சல்ஃப்யூரிக் ஆசிட்டும் மெத்தனாலும் போட்டுத் தனி அமிலத்தை எஸ்டராக்குவது), பிறகுதான் காரப் படி.

புங்க எண்ணெய் கருஞ்சிவப்பாக இருப்பதால் நிறம் மாறுவது கண்ணுக்குத் தெரியவில்லை என்று பலர் இந்தச் சோதனையையே விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள். எண்ணெயை அரை மி.லி. ஆக்கி, ஆல்கஹாலை 20 மி.லி. ஆக்கி, பின்னால் வெள்ளைத்தாள் பிடித்துப் பாருங்கள். வந்த எண்ணை இரட்டிப்பாக்கிக்கொள்ளலாம்.

மெத்தனால்

மெத்தனாலின் வாசனை சாராயம் போலவே இருக்கும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டோர் இறந்தது மெத்தனால் கலந்த சாராயத்தால்தான். குடித்தால்தான் ஆபத்து என்று நினைக்க வேண்டாம். ஆவி மூச்சிலும், திரவம் தோல் வழியாகவும் உள்ளே போகும். பார்வை நரம்பைத் தாக்கும். பகல் வெளிச்சத்தில் அதன் தீ கண்ணுக்குத் தெரியாது. 65 டிகிரிக்கு ஒரு மயிரிழை குறைவிலேயே கொதித்துவிடும்.

ஆகவே மூடிய தொட்டி, மேலே ஆவியைக் குளிர்வித்துத் திரவமாக்கும், குளிர்நீர் ஓடும் கண்டென்சர், சுற்றிலும் காற்றோட்டம், பக்கத்தில் அடுப்போ பொறி பறக்கும் ஸ்விட்சோ இல்லாத இடம். ரப்பர் கையுறை, கண்ணாடி கட்டாயம். பொட்டாஷை மெத்தனாலில் கரைக்கும்போது தானாகவே சூடேறும். மூடியை இறுக்கிவிட்டுக் குலுக்கக் கூடாது. மெத்தனாலை வாங்கவும் வைத்திருக்கவும் தமிழ்நாட்டில் உரிமம் வேண்டும். பாட்டிலில் விஷம் என்று எழுதி ஒட்டி, பூட்டி வையுங்கள். குடிதண்ணீர் பாட்டிலிலோ கூல்டிரிங்க்ஸ் பாட்டிலிலோ ஒருபோதும் ஊற்றி வைக்காதீர்கள்.

அறிகுறி: எண்ணெயைச் சூடாக்கும்போதே படபடவென்று தெறிக்கிறது

எண்ணெயில் தண்ணீர் இருக்கிறது. ஒரு கரண்டி எண்ணெயை இரும்புச் சட்டியில் 110 டிகிரி வரை காய்ச்சுங்கள். தாளிக்கும்போது கடுகு வெடிப்பது போலச் சத்தம் கேட்டால் அந்தப் பீப்பாய் முழுவதிலும் தண்ணீர் என்று வைத்துக்கொள்ளலாம்.

அவசரம் இல்லை என்றால் 60 டிகிரி வரை சூடாக்கி ஒரு நாள் அசையாமல் விட்டு, அடியில் சேரும் தண்ணீரையும் மண்டியையும் வால்வு வழியே இறக்கிவிடுங்கள். எரிபொருளும் மிச்சம், எண்ணெயும் கருகாது. அவசரம் என்றால் 105 முதல் 110 டிகிரியில் அரை மணி நேரம், சத்தம் அடங்கும்வரை. மெத்தனால் சேர்க்கும் முன் 55 டிகிரிக்குக் கீழே ஆறியிருக்க வேண்டும். இதில் ஒரு தடவை கூடத் தளர்வு காட்டாதீர்கள்.

செக்கிலிருந்து வந்த புது எண்ணெயில் பசையும் இருக்கும். அதை எடுக்க எண்ணெயின் எடையில் 0.1% பாஸ்பாரிக் ஆசிட்டையும் 2% வெந்நீரையும் கலந்து, சற்று நேரம் கிளறி, படியவிட்டு இறக்க வேண்டும். இதைச் செய்தால் பின்னால் கழுவும்போது பாதித் தலைவலி குறையும்.

அறிகுறி: காரப் படியில் கூழாகிவிட்டது

பொட்டாஷ் ஊற்றிப் பத்து நிமிடத்தில் பம்ப் முனக ஆரம்பிக்கும். திறந்து பார்த்தால் கேப்பைக் கூழ் போல ஒரே திரளாக இருக்கும். நீங்கள் செய்தது பயோடீசல் அல்ல, சோப்பு. தனி அமிலம் காரத்தோடு சேர்ந்தால் சோப்பாகும். தண்ணீர் இருந்தால் நல்ல எண்ணெயும் உடைந்து சோப்பாகும். சோடியம் காஸ்டிக் போட்டிருந்தால் ஆறியதும் கட்டியாகவே இறுகிவிடும். பொட்டாஷ் சோப்பு இளகலாக இருக்கும். வால்வை அடைக்காது. விலை கூட இருந்தாலும் புங்க எண்ணெய்க்குப் பொட்டாஷையே நான் சொல்வதற்கு அதுவே காரணம்.

எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். ஒரு முறை ஒரு வியாபாரியிடம் இரண்டு பீப்பாய் எண்ணெய் வாங்கினேன். "புது எண்ணெய், போன வாரம் ஆட்டினது" என்றார். நிறமும் நன்றாகத்தான் இருந்தது. அவசரத்தில் டைட்ரேஷன் செய்யாமல் 50 லிட்டரை ஏற்றினேன். கூழ். மீதியைச் சோதித்தபோது எண் 24. அதாவது 13% தனி அமிலம். ஆட்டியது போன வாரம் என்பது உண்மையாகவே இருக்கலாம். விதை போன வருடத்து விதை.

புங்கங்காய் மாசி தொடங்கி சித்திரை வரை உதிரும். பொறுக்கிய காயைக் களத்தில் காயப்போட்டு, உடைத்து, பருப்பு நன்றாகக் காய்ந்த பிறகு மூட்டை கட்டினால் எண்ணெயின் எண் 5, 6-க்குள் நிற்கும். கோடை மழையில் நனைந்த காயை அப்படியே சாக்கில் கட்டி மண்தரையில் அடுக்கினால், விதைக்குள் இருக்கும் நொதி ஈரத்தில் விழித்துக்கொண்டு எண்ணெயை அமிலமாக உடைக்கத் தொடங்கிவிடும். பூஞ்சையும் சேர்ந்துகொள்ளும். நாலு கிலோ விதையிலிருந்து ஒரு லிட்டர்தான் எண்ணெய் வருகிறது. அந்த நாலு கிலோவைப் பொறுக்கிய கை பெரும்பாலும் கிராமத்துப் பெண்களுடையது. காயவைத்துக் கொடுப்பவர்களுக்குக் கிலோவுக்குக் கொஞ்சம் கூட்டிக் கொடுங்கள். பிறகு சல்ஃப்யூரிக் ஆசிட்டுக்கும் மெத்தனாலுக்கும் நீங்கள் கொட்டும் காசைவிட அது குறைவாகவே வரும்.

கூழான பேட்சை மீட்கலாம். கீழே கொட்டவேண்டாம். மேற்கொண்டு காய்ச்சவும் வேண்டாம். வெந்நீர் சேர்த்து இளக்கி, நீர்த்த சல்ஃப்யூரிக் ஆசிட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கிளறுங்கள். லிட்மஸ் தெளிவாகச் சிவக்கும் இடத்தில் சோப்பு உடைந்து, கொழுப்பு அமிலமும் மிச்ச எண்ணெயும் மேலே மிதக்கும். உப்புத் தண்ணீர் அடியில் தங்கும். மேலே மிதப்பதை எடுத்து, கழுவி, ஈரம் போக்கி, அமிலப் படிக்கு அனுப்புங்கள். எண் மிக அதிகமாகக் காட்டும். பயப்பட வேண்டாம், நல்ல எண்ணெயோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து தீர்க்கலாம்.

அறிகுறி: அமிலப் படி முடிந்தும் எண் இறங்கவில்லை

அமிலப் படியில் லிட்டருக்கு 200 முதல் 250 மி.லி. மெத்தனால், 5 மி.லி. சல்ஃப்யூரிக் ஆசிட், 60 டிகிரி, இரண்டு மணி நேரம். எண்ணெயும் மெத்தனாலும் கலந்த பிறகே ஆசிட்டைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். எண் 20-இல் தொடங்கி 7, 8-க்கு வந்து அப்படியே நின்றுவிட்டது என்றால், பலரும் இன்னும் மூன்று மணி நேரம் ஓட்டிப் பார்க்கிறார்கள். டீசலும் கரண்டும்தான் வீண்.

நிற்பதற்குக் காரணம் வினையே உண்டாக்கும் தண்ணீர். ஒவ்வொரு அமில மூலக்கூறும் எஸ்டராகும்போது ஒரு தண்ணீர் மூலக்கூறு வெளியே வரும். 10 லிட்டர் எண்ணெயில் 10% அமிலம் இருந்தால் முழுவதும் மாறும்போது சுமார் 59 கிராம் தண்ணீர் சேரும். அந்தத் தண்ணீர் வினையைத் திரும்பிப் பின்னால் தள்ளும். செய்ய வேண்டியது: கலக்குவதை நிறுத்தி, சில மணி நேரம் படியவிட்டு, பிரிந்த மெத்தனால்-தண்ணீர் அடுக்கை எடுத்துவிட்டு, புது மெத்தனாலும், முதல் முறை போட்ட ஆசிட்டில் பாதி அளவும் போட்டு இரண்டாம் முறை ஓட்டுங்கள். ஒரே தடவை ஆறு மணி நேரம் ஓட்டுவதைவிட இரண்டு தடவை ஒன்றரை மணி நேரம் ஓட்டுவது எப்போதும் மேல்.

இங்கே புதியவர்கள் தவறும் இடம் ஒன்று உண்டு. காரப் படியில் கழிவு கீழே போகும், அமிலப் படியில் கழிவு மேலே மிதக்கும். பழக்கத்தில் அடி வால்வைத் திறந்து எண்ணெயை வெளியே விட்டு, கழிவைத் தொட்டியிலேயே வைத்துக்கொண்டு அடுத்த படிக்குப் போனவர்கள் இருக்கிறார்கள். தொட்டியின் பக்கத்தில் ஒரு தெளிவான குழாய் வைத்தால் எந்த அடுக்கு எங்கே என்று பார்த்தே தெரிந்துகொள்ளலாம்.

இன்னொன்று, எண் உண்மையிலேயே இறங்கியிருக்கலாம், உங்கள் சோதனை அதைக் காட்டாமல் இருக்கலாம். மாதிரியில் ஒட்டியிருக்கும் சல்ஃப்யூரிக் ஆசிட்டும் டைட்ரேஷனில் அமிலமாகவே எண்ணப்படும். மாதிரியை வெந்நீரில் ஒரு முறை குலுக்கிக் கழுவி, மேலே நிற்கும் எண்ணெயை எடுத்துச் சோதியுங்கள். பத்திலிருந்து மூன்றுக்கு இறங்கியிருப்பதைப் பார்த்து ஆச்சரியப்படுவீர்கள்.

அறிகுறி: இரவு முழுக்க விட்டும் கிளிசரின் பிரியவில்லை

கூழாகவும் இல்லை, அடுக்கும் இல்லை. ஒரே திரவமாகத் தெளிவாக நிற்கிறது. வினை நடக்கவே இல்லை, அல்லது தொடங்கி நின்றுவிட்டது.

முதல் சந்தேகம் பொட்டாஷ். டப்பாவைத் திறந்து பாருங்கள். வில்லைகள் ஒன்றோடொன்று ஒட்டி, மேலே வெள்ளைப் பொடி பூத்திருந்தால் அது காற்றின் ஈரத்தையும் கரியமில வாயுவையும் குடித்துவிட்டது. 9 கிராம் என்று நிறுத்தாலும் வேலை செய்யும் காரம் ஐந்தோ ஆறோதான். மழைக்காலத்தில் ஒரு தடவை திறந்த டப்பா அடுத்த வாரத்துக்குள் கெட்டுவிடும். சின்னச் சின்ன டப்பாவாக வாங்குங்கள்.

இரண்டாவது, அமிலப் படியிலிருந்து வந்த ஆசிட். 1 கிராம் சல்ஃப்யூரிக் ஆசிட்டை அடக்க 1.14 கிராம் சுத்தமான பொட்டாஷ் செலவாகும். கடையில் கிடைக்கும் 85% வில்லை என்றால் 1.35 கிராம். அமில அடுக்கைச் சரியாக எடுக்காமல் விட்டால், நீங்கள் போட்ட காரத்தில் பெரும்பங்கு அதற்கே போயிருக்கும். இதற்கு மட்டும் எண்ணெயைக் கழுவாமலேயே டைட்ரேஷன் செய்து, வரும் எண்ணைக் கூட்டிப் போட வேண்டும். எண் இறங்கியதா என்று பார்க்கக் கழுவிய மாதிரி, பொட்டாஷ் எவ்வளவு என்று பார்க்கக் கழுவாத மாதிரி.

மூன்றாவது மெத்தனால். கண்டென்சர் இல்லாமல் 65 டிகிரியைத் தொட்டிருந்தால் மெத்தனால் ஆவியாகப் போய்விட்டது. உங்கள் மூக்குக்கும் போயிருக்கும்.

சரிசெய்ய முழுத் தொட்டியிலும் கை வைக்காதீர்கள். அரை லிட்டரை மட்டும் ஒரு ஜாடியில் எடுத்து, 25 மி.லி. மெத்தனாலில் 1 கிராம் பொட்டாஷ் கரைத்துச் சேர்த்து, 55 டிகிரி வெந்நீரில் வைத்து அவ்வப்போது குலுக்குங்கள். அடியில் கருப்பாக இறங்கினால் அதே விகிதத்தில் தொட்டிக்குச் செய்யலாம்.

அறிகுறி: கிளிசரின் பிரிந்தது, ஆனாலும் வினை முழுமையா என்று சந்தேகம்

அடுக்கு பிரிந்தது என்பதாலேயே வேலை முடிந்ததாக ஆகாது. மூன்று கைகளில் இரண்டு மட்டும் கழன்ற எண்ணெய் பயோடீசலிலேயே கரைந்து நிற்கும். கண்ணுக்குத் தெரியாது, இன்ஜெக்டருக்குத் தெரியும்.

கண்ணாடிக் குழாயில் 27 மி.லி. மெத்தனாலில் 3 மி.லி. பயோடீசலைக் கலந்து குலுக்கிவிட்டு வையுங்கள். எஸ்டர் மெத்தனாலில் முழுதாகக் கரையும். மாறாத எண்ணெய் கரையாமல் அடியில் துளியாகச் சேரும். துளி தெரிந்தால் மறுபடி ஓட்ட வேண்டும். நம் ஊர் வெயிலுக்கு ஒரு எச்சரிக்கை: 35 டிகிரியில் மெத்தனால் கொஞ்சம் எண்ணெயையும் கரைத்துவிடும். பொய்யாகத் தேறிவிடும். குழாயைப் பானைத் தண்ணீரில் வைத்து 20 டிகிரி பக்கம் குளிரவைத்துவிட்டுப் பாருங்கள். மறுபடி ஓட்ட, கிளிசரினை முழுவதும் இறக்கிவிட்டு, லிட்டருக்கு 50 மி.லி. மெத்தனாலும் 2 கிராம் பொட்டாஷும் போதும்.

அறிகுறி: கழுவும்போது வெண்ணெய் போலத் திரண்டுவிட்டது

இதற்கு மூன்று காரணங்கள் உண்டு: சோப்பு அதிகம், வினை அரைகுறை, அல்லது கை வேகம். முதல் கழுவலில் யாரும் கலக்கவே கூடாது. 50 டிகிரி வெந்நீரைப் பூவாளி போல மேலே தூவி, அது தானாக இறங்கட்டும். பால் போன்ற தண்ணீரை அடியில் இறக்கிவிட்டு, மறுபடி தூவுங்கள். மூன்றாம் கழுவலில் லேசாகக் கிளறலாம். தண்ணீர் தெளிவாக வந்து லிட்மஸில் நடுநிலை காட்டினால் நிறுத்துங்கள்.

திரண்டுவிட்டதா? 60 டிகிரிக்குச் சூடாக்கி, ஒரு இரவு விடுங்கள். பாதிக்குப் பாதி அதுவே உடைந்துவிடும். உடையாவிட்டால் கல்லுப்பைக் கரைத்த வெந்நீரைத் தூவுங்கள். அதற்கும் அசையாவிட்டால் கொஞ்சம் வினிகர். வினிகரைக் கடைசிக்கு வைக்கக் காரணம் உண்டு: அமிலம் சோப்பை உடைத்துக் கொழுப்பு அமிலமாக ஆக்கிவிடும். அது எரிபொருளிலேயே தங்கி அமில எண்ணைக் கூட்டும். இந்தியத் தரமான ஐ.எஸ். 15607 பயோடீசலில் அமில எண் (ஒரு கிராமை அடக்க எத்தனை மி.கி. பொட்டாஷ் ஆகிறது என்பது) 0.5-க்கு மேல் போகக்கூடாது என்கிறது. மேலே சொன்ன அதே கரைசலால் சோதித்தால் 10 மி.லி. பயோடீசலுக்கு 4.4 மி.லி. தாண்டக்கூடாது.

இன்னொரு காரணத்தை நம் ஊரில் தனியாகச் சொல்ல வேண்டும். போர்வெல் தண்ணீர். அதன் கால்சியமும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்து, கரையாத வெள்ளைத் திரையாக இரண்டு அடுக்குக்கும் நடுவில் நிற்கும். எத்தனை கழுவினாலும் போகாது. சோப்பு தேய்த்தால் நுரைக்காத தண்ணீரில் பயோடீசலும் கழுவ வராது. மழைத் தண்ணீரைப் பிடித்து வையுங்கள்.

கழுவிய தண்ணீரில் மெத்தனாலும் சோப்பும் இருக்கும். கிணற்றோரமோ வாய்க்காலிலோ விடாதீர்கள்.

அறிகுறி: முடிந்த பயோடீசல் கலங்கலாக இருக்கிறது

ஒரு பாட்டிலில் எடுத்து அதன் பின்னால் செய்தித்தாளைப் பிடியுங்கள். எழுத்து படிக்க வராவிட்டால் கலங்கல். 40 டிகிரிக்குச் சூடாக்கியதும் தெளிந்து, ஆறியதும் சீராக எல்லா இடத்திலும் மங்கினால் அது தண்ணீர். தரம் அனுமதிப்பது பத்து லட்சத்தில் 500 பங்கு. காய்ச்சி ஈரம் போக்குங்கள். காற்றுக் குமிழி விட்டுக் காயவைப்பவர்கள் ஐப்பசி, கார்த்திகையில் அதைச் செய்யவேண்டாம். அந்த மாதக் காற்றே ஈரம் சுமந்துகொண்டு வருகிறது.

காய்ச்சுமுன் மோந்து பாருங்கள். சாராய வாடை இருந்தால் மெத்தனால் முழுதாகப் போகவில்லை. அதைத் திறந்த சட்டியில் காய்ச்சுவது தீயை அழைப்பது. மறுபடி கழுவிவிட்டு வாருங்கள்.

அதிகாலையில் மட்டும் அடியில் படலம் போலப் படிந்து, வெயில் ஏறியதும் கரைந்தால் அது தண்ணீர் அல்ல. புங்க எண்ணெயில் பெஹெனிக் போன்ற நீளமான நிறைவுற்ற அமிலங்கள் கொஞ்சம் இருக்கின்றன. அவற்றின் எஸ்டர் குளிரில் முதலில் உறையும். இலுப்பையில் இது இன்னும் அதிகம், ஏனென்றால் அதில் பால்மிடிக், ஸ்டியரிக் அமிலங்கள் மிகுதி. கோயில் விளக்குக்கு அத்தனை அருமையாக எரியும் எண்ணெய், மார்கழிக் காலையில் டேங்கில் கெட்டியாகும். மலையூர்களில் இருப்பவர்கள் இலுப்பைப் பயோடீசலைக் குளிர்மாதங்களில் சாதா டீசலோடு சிறு பங்காகக் கலந்தே பயன்படுத்துங்கள்.

நிறம் சிவப்பாக, வாடை புங்க வாடையாக இருப்பது பழுது அல்ல.

அறிகுறி: ஆமணக்கு எண்ணெய் போட்டேன், எதுவும் பிரியவில்லை

ஆமணக்கு வேறு சாதி. அதன் அமிலத்தில் 85 முதல் 90% வரை ரிசினோலிக். சங்கிலியின் நடுவில் ஒரு ஹைட்ராக்சில் கை நீட்டிக்கொண்டிருக்கும். அதனால் எண்ணெய் மெத்தனாலில் சாதாரண வெப்பத்திலேயே கரையும். வினை சீக்கிரம் நடக்கும், ஆனால் கிளிசரினும் எஸ்டரும் ஒன்றையொன்று விடாது. வெந்நீர் சேர்த்து, நாள்கணக்கில் விட்டுத்தான் பிரிக்க முடியும். பிரித்த பிறகும் அந்த எஸ்டரின் பிசுபிசுப்பு ஐ.எஸ். 15607 சொல்லும் மேல்வரம்பை இரண்டு மடங்குக்கு மேல் தாண்டும். தனியாக டீசலாகாது.

ஆமணக்கை எரிப்பதே எனக்கு மனம் ஒப்பாத வேலை. உலகிலேயே அதிகமாக ஆமணக்கு விளைவது இந்தியாவில், அதிலும் குஜராத்தில். அந்த ஹைட்ராக்சில் கைக்காகவே அதை உலகம் வாங்குகிறது. அதன் மெத்தில் எஸ்டரை மிக உயர்ந்த வெப்பத்தில் உடைத்தால் ஹெப்டால்டிஹைடும் அண்டெசிலினிக் அமிலத்தின் எஸ்டரும் கிடைக்கும். நைலான்-11 பிறப்பது அதிலிருந்துதான். காரத்தோடு உருக்கினால் செபாசிக் அமிலம். ஹைட்ரஜன் ஏற்றினால் கிரீஸ் செய்யும் 12-ஹைட்ராக்சி ஸ்டியரிக். சல்ஃப்யூரிக் ஆசிட்டோடு சேர்த்தால் சாயப் பட்டறைகளில் ஓடும் டர்க்கி ரெட் ஆயில். கையில் ஆமணக்கு எண்ணெய் இருந்தால் விற்றுவிட்டுப் புங்க விதை வாங்குங்கள். வேப்பெண்ணெய்க்கும் இதையே சொல்வேன். பூச்சிவிரட்டியாக அதற்கு இருக்கும் மதிப்பு டேங்கில் இல்லை.

அறிகுறி: எண் 60, 70 காட்டும் எண்ணெய்

பழைய காட்டாமணக்கு விதையில் இப்படி வரும். 2009-இல் வந்த தேசிய உயிரி எரிபொருள் கொள்கை 2017-க்குள் 20% கலப்பு என்று இலக்கு வைத்தது. அந்த நம்பிக்கையில் நட்டுவிட்டு, காய்க்காமல் விட்டுவிட்ட தோட்டங்கள் பல. தண்ணீர் இல்லாத நிலத்தில் செடி உயிரோடு இருக்கும், காய் தராது. பொறுக்குவார் இல்லாமல் கிடந்து, பழசாகிப்போன விதைதான் பெரும்பாலும் கைக்கு வருகிறது.

இவ்வளவு அமிலமுள்ள எண்ணெயை நம் தொட்டியில் ஓட்டுவது நட்டம். ஹைட்ரஜன் அழுத்தத்தில் 300 டிகிரிக்கு மேல் ஆக்சிஜனைப் பிடுங்கும் ஆலைகளுக்கு அமிலம் ஒரு தடையே இல்லை. கிடைப்பது எஸ்டர் அல்ல, டீசலைப் போன்றே ஹைட்ரோகார்பன். 2018 ஆகஸ்ட் 27 அன்று டேராடூனிலிருந்து டெல்லிக்குப் பறந்த ஸ்பைஸ்ஜெட் விமானத்தின் ஒரு இன்ஜினில் காட்டாமணக்கிலிருந்து டேராடூன் பெட்ரோலிய ஆய்வு நிறுவனம் செய்த எரிபொருள் 25% கலக்கப்பட்டிருந்தது. கொல்லைப்புறத்தில் முயலக்கூடிய வேலை அல்ல அது. உங்கள் பங்குக்கு அந்த எண்ணெயைச் சோப்புக்குக் கொடுங்கள்.

அறிகுறி: இன்ஜினில் ஃபில்டர் அடிக்கடி அடைகிறது

முதல் இரண்டு டேங்கில் அடைந்தால் பயோடீசலைக் குறை சொல்லாதீர்கள். அது நல்ல கரைப்பான். பழைய டீசல் டேங்கின் சுவரில் பல வருடம் ஒட்டவைத்த கசடைக் கரைத்துக்கொண்டு வருகிறது. கையில் இரண்டு ஃபில்டர் கூடுதலாக வைத்திருங்கள். அதற்குப் பிறகும் அடைந்தால் மெத்தனால் குழாய்ச் சோதனையையும் செய்தித்தாள் சோதனையையும் மறுபடி செய்யுங்கள். சோப்போ, மாறாத எண்ணெயோ, தண்ணீரோ ஏதோ ஒன்று தப்பி வந்திருக்கிறது.

பழைய ரப்பர் குழாய் ஊதி மெத்தென்றாகும். பயோடீசலைத் தாங்கும் விட்டான் (Viton) என்ற ரப்பர் வகைக் குழாய்க்கு மாற்றுங்கள். பித்தளை, செம்பு இணைப்புகள் இருந்தால் எடுத்துவிடுங்கள், எரிபொருள் சீக்கிரம் கெட அவை துணைபோகும்.

"எண்ணெயை அப்படியே ஊற்றினால் என்ன?" என்று கேட்பவர்களுக்கு: முடியாது என்று சொல்லமாட்டேன். கர்நாடகத்தில் கக்கனஹள்ளி என்ற வறண்ட ஊரில் இந்திய அறிவியல் கழகத்தின் உடுப்பி சீனிவாசா புங்க எண்ணெயையே ஊற்றி ஜெனரேட்டர் ஓட்டி, போர்வெல் தண்ணீர் இறைத்துக் காட்டினார். நிலையாக ஒரே வேகத்தில் ஓடும், அக்கறையாகப் பராமரிக்கும் இன்ஜின் அது. 40 டிகிரியில் பச்சை எண்ணெயின் பிசுபிசுப்பு டீசலைப் போலப் பத்து மடங்கு. உங்கள் டிராக்டரில் அதைச் செய்யாதீர்கள்.

அறிகுறி: சேமித்த பயோடீசல் புளித்த, வார்னிஷ் வாடை அடிக்கிறது

காற்று பட்டு ஆக்சிஜனேற்றம் அடைந்திருக்கிறது. டைட்ரேஷன் எண் ஏறியிருக்கும். பாதி நிரம்பிய கேனில், வெயிலில், ஆறு மாதம் வைத்தால் எந்தப் பயோடீசலும் இப்படித்தான் ஆகும். லேசாகக் கெட்டதைப் புதியதோடு சிறு பங்காகக் கலந்து உடனே தீர்த்துவிடலாம். பிசின் போல நூலிழை தெரிந்தால் இன்ஜினில் ஊற்றாதீர்கள். இனிமேல் கேனை வாய்வரை நிரப்பி, இறுக மூடி, நிழலில் வையுங்கள். மூன்று மாதத்துக்குள் தீரும் அளவுக்கு மட்டும் செய்யுங்கள்.

அறிகுறி: கிளிசரின் மலை போலச் சேர்ந்துவிட்டது, யாரும் வாங்கவில்லை

10 லிட்டர் எண்ணெயில் சுத்தக் கிளிசரின் கணக்குப்படி ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. ஆனால் அடியில் இறங்குவது அதைவிட அதிகம். அதில் மெத்தனால், பொட்டாஷ், சோப்பு எல்லாம் கலந்திருக்கிறது. அதனால்தான் யாரும் அப்படியே வாங்கமாட்டார்கள்.

முதலில் மூடிய பாத்திரத்தில் சூடாக்கி மெத்தனாலைக் கண்டென்சர் வழியே மீட்டுக்கொள்ளுங்கள். அடுத்த பேட்சுக்கு ஆகும். பிறகு பாஸ்பாரிக் ஆசிட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டால் மூன்று அடுக்காகப் பிரியும். மேலே கொழுப்பு அமிலம், நடுவில் கிளிசரின், அடியில் உப்பு. மேலே வந்தது அமிலப் படிக்குத் திரும்பும். அடியில் இருப்பது பொட்டாசியம் பாஸ்பேட், பயிருக்குச் சத்து. சோடியம் காஸ்டிக் பயன்படுத்தினால் இந்த உப்பு நிலத்தைக் கெடுக்கும். பொட்டாஷை விடாமல் சொல்வதற்கு இது இரண்டாவது காரணம்.

மெத்தனால் நீங்காத கிளிசரினை மாட்டுத் தீவனத்தில் கலக்கும்படி யார் சொன்னாலும் கேட்காதீர்கள். புங்கப் பிண்ணாக்கும் அப்படியே மாட்டுக்கு ஆகாது. வயலுக்குப் போடுங்கள், மரத்தடியில் போடுங்கள். அடுத்த சித்திரையில் உதிரும் காய்க்கு அதுவே உரம்.